மகன் செய்யும் வேலை என்ன?

அரக்கோணம் ரெயில் நிலையம். பொழுது இன்னும் விடியவில்லை.

சென்னைக்குச் செல்லும் மின்சார ரெயில் புறப்படத் தயாராக நிற்கிறது. பூக்கூடையுடன் ஒரு பெண் ஏறுகிறார். கரணையும் மட்டப்பலகையும் பையில் துருத்திக்கொண்டிருக்க, கொத்தனார் ஒருவர் ஏறுகிறார். நர்சுகள் வருகிறார்கள். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். அவர்களோடு, முதுகில் கறுப்புப் பை மாட்டிய இளைஞர்களும் பெண்களும் வருகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. உட்கார இடம் கிடைத்த மறு நிமிடமே கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

இவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். அம்பத்தூரில் சிலர் இறங்குவார்கள். மற்றவர்கள் சென்னை போய், அங்கிருந்து தரமணிக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் வேறு வண்டி பிடிப்பார்கள். அரக்கோணத்தில் இருந்து சென்னை சுமார் 70 கிலோமீட்டர். எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். திரும்ப இரண்டு மணி நேரம். ஒரு நாளில் நான்கு மணி நேரம் ரெயிலிலேயே போய்விடுகிறது!

அரக்கோணத்துக்கும் ரெயிலுக்கும் உள்ள உறவு பழையது. தென் இந்தியாவில் முதல் பயணிகள் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை மாதம் ஓடியது. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை போன அந்தப் பாதையில்தான் அரக்கோணம் இருக்கிறது. பிறகு இது பெரிய சந்திப்பு ஆயிற்று. ரெயில்வே பணிமனை வந்தது. மின்சார என்ஜின்களைப் பழுது பார்க்கும் கொட்டகை வந்தது. ஊரில் பல குடும்பங்கள் ரெயில்வே சம்பளத்தில் வளர்ந்தவை. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் இன்று கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள்.

நாலு டிக்கெட்

அப்படிப்பட்ட ஓர் இளைஞனை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் என்ஜினீயரிங் படித்த முதல் ஆள் அவன்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இரவு ஒன்பதரை மணிக்கு வீடு திரும்புகிறான். அம்மா சோறு போடுகிறார்.

"ஏம்பா, காலையில இருட்டுல போற, ராத்திரி இருட்டுல வர்ற. அங்கே இன்னாதான் வேலை செய்யற?" என்று கேட்கிறார்.

"இன்னிக்கு நாலு டிக்கெட் முடிச்சேம்மா."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டிக்கெட்டா? நீ எப்போடா ரெயில்வேயில சேர்ந்தே?"

மகன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். ஆனால் அம்மாவின் கேள்விக்குப் பதில் வரவில்லை. மறைக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. நாலு டிக்கெட் முடித்தது உண்மை. அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பது அவனுக்குத் தெரியாது.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமா? இல்லை. சம்பளம் வருகிறது, வீட்டுக் கடன் அடைகிறது, தங்கைக்குக் கல்யாணம் நடக்கிறது. ஆனாலும் "நான் செய்வது என்ன?" என்ற கேள்வி ஒரு மனிதனை உள்ளே அரிக்கத் தொடங்கினால், சம்பளக் கவரால் அதை மூட முடியாது. நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை முகம் வாடி வருவதைப் பார்த்துப் பல பெற்றோர் குழம்புகிறார்கள். "மூட்டை தூக்குகிறானா, மண் வெட்டுகிறானா? குளுகுளு அறையில் உட்கார்ந்துதானே வேலை செய்கிறான்!" என்கிறார்கள். அவனை வாட்டுவது வேலையின் கடுமை அல்ல. அது வேறு.

அது என்ன டிக்கெட்?

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று வரி வரியாகக் கட்டளை எழுத வேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்புக்குத்தான் மென்பொருள் என்று பெயர். பாங்கியில் பணம் போடுவது, ரேஷன் கடையில் கைரேகை வைப்பது, செல்போனில் பேசுவது எல்லாவற்றுக்கும் பின்னால் அது இருக்கிறது.

பெரிய மென்பொருளை ஒருவர் எழுத முடியாது. நூறு பேர், இருநூறு பேர் சேர்ந்து எழுதுவார்கள். ஒருவர் சென்னையில் இருப்பார். இன்னொருவர் அமெரிக்காவில் இருப்பார். அவர்களிடையே வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்காக வேலையைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண், ஒரு பெயர், ஒரு தேதி. இந்தத் துண்டுதான் "டிக்கெட்".

டிக்கெட்டுகள் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பலகையில் தொங்கும். பலகையில் சில கட்டங்கள். செய்ய வேண்டியவை ஒரு கட்டம். செய்துகொண்டிருப்பவை அடுத்த கட்டம். சரிபார்ப்பில் இருப்பவை மூன்றாவது கட்டம். முடிந்தவை கடைசிக் கட்டம். ஊழியர் தன் டிக்கெட்டை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

காலையில் எல்லோரும் கூடுவார்கள். சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக நின்றுகொண்டே பேசும் கூட்டம் அது. நேற்று என்ன செய்தாய்? இன்று என்ன செய்வாய்? என்ன தடை? இந்த மூன்று கேள்விகள்தான். கால் மணி நேரத்தில் முடிய வேண்டும் என்பது விதி. முடிகிறதா என்பது வேறு கதை!

பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு. அதற்கு "ஸ்பிரிண்ட்" என்று பெயர். குறுந்தூர ஓட்டப் பந்தயம் என்று பொருள். ஒரு பந்தயம் முடிந்த மறுநாள் அடுத்த பந்தயம் தொடங்கும். ஆண்டுக்கு 26 பந்தயம்! 100 மீட்டர் ஓடுகிறவன்கூட ஓடி முடித்தால் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். இந்தப் பந்தயத்தில் உட்காரும் இடமே இல்லை.

ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் புள்ளிகளும் உண்டு. எளிய வேலை என்றால் 1 அல்லது 2. கடினம் என்றால் 5, 8. இரண்டு வாரத்தில் ஒரு குழு எத்தனை புள்ளி எடுத்தது என்று கணக்குப் போடுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் மார்க்கு விடவில்லை.

ஜப்பானில் பிறந்த அட்டை

இந்தப் பலகை கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஜப்பானில் உள்ள டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் பிறந்தது. தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் அங்கே ஒரு புதுமையைப் புகுத்தினார். அமெரிக்காவில் உள்ள பெரிய பலசரக்குக் கடைகளைக் கவனித்து வந்த யோசனை அது. அங்கே அலமாரியில் எவ்வளவு சரக்கு விற்றுப்போகிறதோ அவ்வளவுதான் திரும்ப நிரப்புவார்கள். கார் தொழிற்சாலையிலும் அப்படியே செய்தால் என்ன என்று அவர் நினைத்தார்.

ஒரு பகுதியில் சாமான் தீர்ந்தால், அங்கே இருந்து ஓர் அட்டை முந்தைய பகுதிக்குப் போகும். அட்டை வந்தால்தான் அடுத்த சாமானைச் செய்ய வேண்டும். வராவிட்டால் செய்யக் கூடாது. இந்த அட்டைக்கு "கான்பான்" என்று பெயர். ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள்.

கவனியுங்கள். தேவைக்கு மேல் சாமானும் வேலையும் குவியாமல் இருப்பதற்காக வந்தது அந்த அட்டை. அதே தொழிற்சாலையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் மொத்த வரிசையே நிற்கும். அட்டையும் கயிறும் சேர்ந்ததுதான் அந்த முறை. உலகம் முழுவதும் உள்ள ஆபீசுகள் அட்டையை வாங்கிக்கொண்டன. கயிற்றை எத்தனை ஆபீசுகள் வாங்கிக்கொண்டன?

2001-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பனி மலை விடுதி ஒன்றில், மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் கூடினார்கள். கட்டுக் கட்டாகத் தாள்களும் சட்டங்களும் தங்கள் தொழிலை நசுக்குகின்றன என்பது அவர்கள் குறை. அவர்கள் வெளியிட்ட சிறு அறிக்கையின் முதல் கருத்தே, கருவிகளையும் நடைமுறைகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம் என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த அறிக்கையின் பெயரைச் சொல்லியே பிறகு நூற்றுக்கணக்கான கருவிகள் விற்கப்பட்டன!

அவற்றில் மிகவும் புகழ்பெற்றது "ஜிரா". ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், கல்லூரித் தோழர்கள் இருவர் தொடங்கிய கம்பெனி 2002-ல் இதை வெளியிட்டது. ஜப்பானிய சினிமாவில் ஊரை மிதித்து நாசம் செய்யும் ஒரு ராட்சத மிருகம் வருமே, காட்சில்லா! அதன் ஜப்பானியப் பெயர் "கோஜிரா". அதில் பாதியை வெட்டி வைத்த பெயர்தான் ஜிரா. விளையாட்டாக வைத்ததுதான். ஆனால் பெயர் பொருத்தம் என்று சொல்லாத மென்பொருள் ஊழியர் குறைவு.

தமிழ்நாடும் இதில் சளைத்தது அல்ல. 1996-ல் வேறு பெயரில் தொடங்கி, இன்று ஜோஹோ என்று அழைக்கப்படும் கம்பெனி, வேலைத் திட்டங்களைக் கவனிக்கும் மென்பொருளை உலகம் எங்கும் விற்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்தில்கூட அதற்கு அலுவலகம் உண்டு. 2010-ல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்ஒர்க்ஸ், வாடிக்கையாளர் புகார்களை டிக்கெட்டுகளாக்கி வரிசைப்படுத்தும் மென்பொருளால் வளர்ந்தது. 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையிலேயே இடம் பிடித்தது. டிக்கெட்டை நகர்த்துகிறவர்கள் மட்டும் அல்ல, டிக்கெட் பலகையைச் செய்து விற்கிறவர்களும் தமிழர்கள்தான்.

2000 வரி குறைவு!

பலகை நல்லதா, கெட்டதா? நல்லதுதான். பலகை இல்லாவிட்டால் யார் எதைச் செய்கிறார்கள் என்றே தெரியாது. ஒரே வேலையை இரண்டு பேர் செய்வார்கள். ஒரு வேலையை யாருமே செய்ய மாட்டார்கள். எங்கோ ஒரு வாடிக்கையாளர் எழுதிய குறை காற்றில் போய்விடும். கல்யாண வீட்டில்கூட "வாழையிலை யார் பொறுப்பு?" என்று ஒரு தாளில் எழுதி வைக்கிறோமே!

தொல்லை எங்கே தொடங்குகிறது? வேலையைப் பார்க்க வைத்த பலகையை, ஆளை அளக்கப் பயன்படுத்தும்போது தொடங்குகிறது.

1982-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனியில் "லிசா" என்ற புதிய கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருந்தார்கள். மேலதிகாரிகளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை வரி எழுதினார்கள் என்று ஒரு படிவத்தில் நிரப்பித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

அந்தக் குழுவில் பில் அட்கின்சன் என்ற பெரும் திறமைசாலி இருந்தார். திரையில் படம் வரையும் மென்பொருள் அவர் கைவண்ணம். அந்த வாரம் அவர் அதன் ஒரு பகுதியைப் பிரித்து, வேறு விதமாக யோசித்து, திரும்ப எழுதியிருந்தார். ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக ஓடியது. சுருக்கமாக எழுதியதால் 2000 வரிகள் குறைந்தும் போயின.

படிவம் வந்தது. "எத்தனை வரி எழுதினீர்கள்?" என்ற கட்டம் காலியாக இருந்தது. அட்கின்சன் சற்று யோசித்தார். பேனாவை எடுத்தார். கழித்தல் குறி போட்டு 2000 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்!

இன்னும் சில வாரங்கள் போயின. அதன் பிறகு அவரிடம் மட்டும் படிவம் கேட்பதை அதிகாரிகள் நிறுத்திக்கொண்டார்கள்.

அட்கின்சனுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. அவர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே இல்லை என்ற நிலைமையும் இருந்தது. மூன்று ஆண்டு அனுபவம் உள்ள அரக்கோணத்து இளைஞனால் அப்படிச் செய்ய முடியுமா? அவன் என்ன செய்வான்? புள்ளிதான் பதவி உயர்வு என்றால் புள்ளியைத் தேடுவான். போன மாதம் 3 புள்ளி போட்ட வேலைக்கு இந்த மாதம் 5 புள்ளி போடுவான். ஒரே வேலையை நான்கு டிக்கெட்டாக நறுக்குவான். பலகையில் புள்ளிகள் மளமளவென்று ஏறும். மென்பொருள் அங்கேயே நிற்கும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. டிக்கெட்டில் அடங்காத நல்ல வேலைகள் நின்றுபோகின்றன. புதிதாகச் சேர்ந்த பெண் திணறுகிறாள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள். அதற்குப் புள்ளி இல்லை. "இந்தப் பகுதியே தேவையா?" என்று ஒரு மணி நேரம் ஜன்னலைப் பார்த்து யோசிக்க வேண்டும். அதற்கும் புள்ளி இல்லை. யோசிப்பவனைப் பார்த்தால் சும்மா இருப்பவனைப் போலவே தெரிகிறது. பாவம், அவனுக்கும் மாலையில் குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது.

பந்து கொடுத்த பலம்

இதே அரக்கோணத்தில் அந்த இளைஞனின் தாத்தா தலைமுறை எப்படி வேலை செய்தது? அவர்களுக்கும் சீட்டு உண்டு. பதிவேடு உண்டு. மணிக்கணக்கு உண்டு. ரெயில்வேயைப்போல எழுதி வைக்கும் துறை வேறு ஏது? ஆனால் வேலைக்கு அர்த்தம் தேடி அவர்கள் அலையவில்லை.

"டோக்கன்" முறையைப் பாருங்கள். ஒற்றைத் தண்டவாளம் உள்ள பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக இரண்டு நிலையங்களிலும் ஒரு இயந்திரம் இருக்கும். இரண்டுக்கும் மின் இணைப்பு உண்டு. உள்ளே இரும்புப் பந்துகள். நிலைய அதிகாரி ஒரு பந்தை எடுத்து, தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார். அந்தப் பந்து கையில் இருந்தால்தான் டிரைவர் அந்தப் பாதையில் வண்டியை ஓட்டலாம். அடுத்த நிலையத்தில் அதைக் கொடுத்து, அங்குள்ள இயந்திரத்தில் போட்ட பிறகுதான் இன்னொரு பந்தை வெளியே எடுக்க முடியும். அதுவரை எவ்வளவு பெரிய அதிகாரி வந்து இழுத்தாலும் வராது!

இன்று வண்ண விளக்கு சிக்னல்களும் புதிய கருவிகளும் வந்து, அந்தப் பந்துகள் பெரும்பாலான இடங்களில் ஓய்வு பெற்றுவிட்டன. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அந்தப் பந்தும் ஒரு டிக்கெட்தான். அதிலும் எண் உண்டு. கை மாறுவதும் உண்டு. "இன்று எத்தனை பந்து வாங்கினாய்?" என்று எந்த டிரைவரையும் யாரும் கேட்டதில்லை. பின்னால் பத்துப் பெட்டிகளில் மனிதர்கள் தூங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பந்தின் கனம் அதுதான்.

"கீமேன்" என்று ஒரு தொழிலாளி இருக்கிறார். சுத்தியலும் ஸ்பானரும் எடுத்துக்கொண்டு, தன் பங்குத் தண்டவாளத்தை நாள் தவறாமல் நடந்தே பார்ப்பார். தளர்ந்ததை இறுக்குவார். வெயில், மழை என்று பார்ப்பதில்லை. தினமும் அதே தூரம், அதே கட்டைகள், அதே ஜல்லி. இதைவிடச் சலிப்பூட்டும் வேலை உண்டா? ஆனால் அவர் ஒதுங்கி நிற்கும்போது எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று கடந்து போகும். ஜன்னல் ஓரத்தில் ஒரு குழந்தை கை காட்டும். அவருடைய வேலை என்ன என்று அவர் மனைவிக்கும் தெரியும். அவர் பிள்ளைக்கும் தெரியும்.

டிரைவருக்கும் கீமேனுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆபத்து உண்டு. உடல் வலி உண்டு. குறைவான சம்பளத்தில் காலம் தள்ளியவர்கள் அவர்கள். அந்த நாட்கள் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வேலையின் மறுமுனை கண்ணுக்குத் தெரிந்தது. பேரனுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கீழ்ப் படுக்கை

மென்பொருள் வேலைக்கு மறுமுனை இல்லையா? இருக்கிறது! ரெயில்வேயில் இருந்தே பார்க்கலாம்.

ஒரு காலத்தில் ரெயிலில் இடம் பதிவு செய்வது எப்படி? தடித்த பேரேட்டில் குமாஸ்தா கையால் எழுதுவார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேரேடு. ஒரு ஜன்னலில் கால் கடுக்க நின்று முன்னால் போனால், "இந்த வண்டிக்கு அந்த ஜன்னல்" என்பார்கள். 1985-ல் புதுடெல்லியில் கம்ப்யூட்டர் மூலம் பதிவு செய்வது தொடங்கியது. மறு ஆண்டே இதைக் கவனிக்க ரெயில்வே தனி நிறுவனம் அமைத்தது. 1999-க்குள் நாட்டின் பதிவு மையங்கள் எல்லாம் ஒரே வலையில் இணைக்கப்பட்டன. எந்த ஊரில் இருந்தும் எந்த வண்டிக்கும் இடம் பிடிக்கலாம் என்று ஆயிற்று. 2002 ஆகஸ்டு மாதம் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பதிவு செய்யும் வசதி வந்தது. தொடக்கத்தில் அந்தச் சீட்டு கூரியரில் வீட்டுக்கு வரும்!

இந்த மென்பொருளில் ஒரு சின்ன விதி இருக்கிறது. பதிவு செய்பவர் மூத்த குடிமகனா, 45 வயதைத் தொட்ட பெண்ணா என்று அது பார்க்கும். கீழ்ப் படுக்கை காலியாக இருந்தால், கேட்காமலேயே ஒதுக்கிக் கொடுக்கும்.

இந்த விதியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஒரு மென்பொருள் ஊழியர்தான். அவருக்கு அது எப்படி வந்திருக்கும்? "வயதைச் சரிபார், படுக்கை வகையை மாற்று" என்று ஒரு வரி வேலையாக வந்திருக்கும். செய்து முடித்தால் "முடிந்தது" என்ற கட்டம். பிறகு அடுத்த வேலை.

ஆனால் மூட்டு வலியோடு கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் அரக்கோணத்துப் பாட்டிக்கு? இரவில் மேல் படுக்கைக்கு ஏற முடியாமல், யாரிடமும் கெஞ்சவும் மனம் இல்லாமல், உட்கார்ந்தே விடிய வைக்க வேண்டிய பாட்டிக்கு? அந்த ஒரு வரி அவருக்கு ஓர் இரவுத் தூக்கம்!

அந்த டிக்கெட்டின் முகப்பில், "மேல் படுக்கைக்கு ஏற முடியாத வயதானவர்களுக்காக" என்று ஒரே ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எழுதுகிறவரின் கை அப்போது வேறு விதமாக வேலை செய்யும். "இரண்டு பேர் சேர்ந்து பதிவு செய்தால் என்ன ஆகும்? ஒருவருக்குக் கீழே கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால்?" என்று அவரே கேட்பார். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் இப்படிப்பட்ட கேள்விகள் தோன்றும்.

கம்பெனிகள் செய்யக் கூடியது

மென்பொருள் கம்பெனிகள் பலகையை உடைக்க வேண்டாம். புள்ளியைக் கொண்டு ஆளை எடை போடுவதை மட்டும் விடட்டும். பதவி உயர்வுக்கும் சம்பள உயர்வுக்கும் டிக்கெட் எண்ணிக்கையைத் தராசாக வைப்பது அட்கின்சன் கதையைவிடப் பெரிய நகைச்சுவை.

மாதத்தில் ஒரு நாளாவது, எழுதுகிறவர்களை அதைப் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதுகிறவன் ஆஸ்பத்திரிச் சீட்டுக் கவுண்டரில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால், அவர் பேசுவதையாவது நேரில் கேட்கட்டும். இன்று பல இடங்களில் நடுவில் நான்கு அதிகாரிகள் நிற்கிறார்கள். வாடிக்கையாளரின் கோபமும் நன்றியும் அவர்களைத் தாண்டி வருவதற்குள் வெறும் எண்ணாக வற்றிப்போகின்றன.

இதில் அவசரமும் இருக்கிறது. கட்டளை எழுதும் வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களே இப்போது செய்யத் தொடங்கிவிட்டன. எத்தனை டிக்கெட் முடிந்தது என்று மட்டும் எண்ணினால் இயந்திரம்தான் ஜெயிக்கும். அதற்குத் தூக்கம் வேண்டாம். அரக்கோணத்தில் இருந்து ரெயில் ஏறி வரவும் வேண்டாம். பாட்டியின் முழங்காலை நினைத்துப் பார்த்து, "இது போதாது" என்று சொல்கிற ஆள் வேண்டும் என்றால், மனிதனைத்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை வளர்க்காமல், டிக்கெட் நகர்த்துகிறவர்களை வளர்த்த கம்பெனி பிறகு யாரைத் தேடும்?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "சம்பளம் ஏறிற்றா? வெளிநாடு போகிறாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நீ செய்ததை யார் உபயோகிக்கிறார்கள்?" என்று கேளுங்கள். மகளோ மகனோ முதலில் விழிப்பார்கள். விழிக்கட்டும். மறுநாள் ஆபீசில் யாரிடமாவது விசாரிப்பார்கள்.

திருத்தணி இங்கே பக்கத்து ஊர். அந்த மலைக்கு 365 படிகள். ஆண்டு முடியும் இரவில் படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுவார்கள். படிகளை எண்ணுகிறவர்களும் உண்டு. குழந்தைகள் கட்டாயம் எண்ணும். ஆனால் கீழே இறங்கி வந்தவரிடம், "எத்தனை படி ஏறினீர்கள்?" என்று ஊரார் கேட்பதில்லை. "தரிசனம் நன்றாகக் கிடைத்ததா?" என்றுதான் கேட்பார்கள்.

அரக்கோணத்து இளைஞனிடம் திரும்புவோம். அம்மா கேட்ட கேள்வி அவனை விடவில்லை. முடித்த நாலு டிக்கெட்டில் ஒன்றைப் பற்றி மறுநாள் விசாரித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருந்தது, "எழுத்துருக் கோளாறு, சரிசெய்க" என்பதுதான். எங்கே கோளாறு, யார் சொன்னது என்று இரண்டு பேரைக் கேட்டான். பதில் கிடைத்தது.

அன்றும் ஒன்பதரை மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, ஒரு ஆஸ்பத்திரியில பேர் எழுதி சீட்டு குடுப்பாங்க இல்ல? தமிழ்ல பேர் அடிச்சா எழுத்தே வராம வெறும் கட்டம் கட்டமா வந்துச்சாம். யாரைக் கூப்புடறாங்கன்னு தெரியாம, வயசானவங்க கூப்பிட்டப்போ எழுந்திரிக்காம உட்கார்ந்தே இருந்திருக்காங்க. அதைத்தான் நான் சரி பண்ணேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப பேரு சரியா வருதா?"

"வருதும்மா."

"அந்த வேலையா செய்யற? இதை நேத்தே சொல்லியிருக்கலாமில்ல!" என்றார் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்றார்.